நாயனக்காரரின் கை: ஒடிந்த கொலு பொம்மையைக் கம்பி வைத்துச் சேர்ப்பது

பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கிச் செய்தித்தாளைப் பிரிக்கும்போது பொம்மை தனியாகவும் அதன் கை தனியாகவும் வந்தால் வயிறு என்ன செய்யும் என்று கொலு வைக்கிற வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கல்யாண செட்டில் அப்படி வந்தவர் நாயனக்காரர். ஒரு சாண் உயரம்கூட இல்லாத மண் பொம்மை. வலது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்துபோய், நாயனத்தை இடது கையாலும் வாயாலும் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை நான் செய்தது தப்பு. கடையில் விற்கும் உடனடிப் பசையை ஒடிந்த இடத்தில் பிழிந்து அழுத்தினேன். சில நொடிகளில் பிடித்துக்கொண்டது, ஆனால் கோணலாக. விரல்கள் நாயனத்தைத் தொடாமல், யாரையோ "போதும், நிறுத்து" என்று அமர்த்துவதுபோல் நின்றன. போதாக்குறைக்குச் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. அடுத்த வருஷம் பெட்டியைத் திறந்தால் கை மறுபடியும் தனியே.

ஏன் விழுந்தது என்று பார்த்தால் வைத்தியம் தானே தெரியும். மண் நுண்துளை நிறைந்தது. தண்ணீர்போல் இருக்கும் பசையை அது உறிஞ்சிவிடும், ஒட்ட வேண்டிய முகத்தில், அதாவது ஒடிந்த பரப்பில், கொஞ்சம்தான் மிஞ்சும். அந்த முகமோ பென்சில் முனையை விடக் கொஞ்சம் பெரியது. அதன்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கை ஒரு நெம்புகோல். துடைக்கும்போது துணி பட்டால் போதும், பாரம் முழுவதும் அந்தச் சின்ன இடத்தில்தான் இறங்கும். உள்ளே எலும்பு மாதிரி ஒரு கம்பி வேண்டும். சின்னச் சின்ன உலோகப் போர்வீரர்களுக்கு வண்ணம் தீட்டி விளையாடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பின்னிங்'.

என்ன பொம்மை என்று முதலில் பாருங்கள்

ஒடிந்த முகத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சுட்ட மண். சாம்பல் நிறத்தில் நார் நாராக, கையில் எடுத்தால் லேசாக இருந்தால் காகிதக்கூழ். பண்ருட்டிப் பக்கம் செய்வார்களே, அது. வெள்ளைவெளேரென்று, விரலில் மாவு ஒட்டினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். சில பொம்மைகள் சுடாத மண்ணாகவும் இருக்கும், தண்ணீர் பட்டால் கரையும். ஆகவே எந்தப் பொம்மையையும் கழுவ வேண்டாம். உலர்ந்த பிரஷால் தூசியைத் தட்டினால் போதும்.

பிளாஸ்டருக்கும் காகிதக்கூழுக்கும் மட்டும் ஒரு கூடுதல் வேலை. ஃபெவிக்கால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து ஒடிந்த முகத்தில் மெல்லியதாகப் பூசி, ஒரு நாள் காய விடுங்கள். உதிர்கிற மாவு இறுகிக்கொள்ளும்.

பழைய பசை ஒட்டிக்கொண்டிருந்தால் பிளேடு முனையால் செதுக்கி எடுங்கள். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் உடனடிப் பசையைக் கரைக்கும்தான், கூடவே பெயிண்டையும் கரைத்துக்கொண்டு போகும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

வாங்க வேண்டியவை

1 மி.மீ. தடிமன் செம்புக் கம்பி ஒரு சாண். குண்டூசியும் பேப்பர் கிளிப்பும் வேண்டாம், துருப்பிடித்தால் கறை வெளியே வரும். கையால் திருகும் சின்ன டிரில், அதற்கு 1.2 மி.மீ. பிட். இரண்டு டியூபாக வரும் எபாக்சி பசை. அரால்டைட் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் கொடுப்பார்கள். பள்ளம் அடைக்க, பிசைந்து பூசும் எம்-சீல் ஒரு பொட்டலம். 220, 400 எண் உப்புத்தாள். பல்குச்சி, மெல்லிய பிரஷ், அக்ரிலிக் வண்ணங்கள். மின்சார டிரில் வீட்டில் இருந்தாலும் தொடாதீர்கள், அதன் அதிர்வில் மீதி இருக்கும் கையும் விரியும்.

துளை போடுவது

மொத்த வேலையில் இதுதான் கஷ்டம். அவசரப்படாமல் செய்தால் மற்றதெல்லாம் பொம்மை வேலைதான்.

முதலில் உடம்போடு ஒட்டியிருக்கும் பக்கம். ஒடிந்த முகத்தின் நட்டநடுவில் ஊசியால் ஒரு குழி குத்துங்கள், பிட் வழுக்காது. பிறகு டிரிலை விரல்களுக்கு நடுவே மெதுவாகத் திருப்புங்கள். அழுத்த வேண்டாம். கை எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில் துளையும் போக வேண்டும். சாய்ந்தால் பிட் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூளை ஊதிவிடுங்கள். 8 மி.மீ. ஆழம் போதும். பிட்டில் அந்த அளவில் ஒரு துண்டு டேப் சுற்றிவிட்டால் அடிக்கடி அளக்க வேண்டாம்.

எதிர்ப் பக்கத்துத் துளை எங்கே என்பதைக் கண்ணால் குறிக்காதீர்கள். நான் குறித்தேன், அரை மி.மீ. தள்ளிப்போனது, அரை மி.மீ. தள்ளினாலே ஒட்டிய இடத்தில் படிக்கட்டு தெரியும். ஒரு துண்டுக் கம்பியை முதல் துளையில் செருகி, முனை மட்டும் நூலிழை அளவு வெளியே தெரியும்படி விடுங்கள். அதில் துளி சிவப்பு வண்ணம் தொட்டு, ஒடிந்த கையைச் சரியான கோணத்தில் வைத்து லேசாக ஒற்றி எடுங்கள். கையில் விழுந்த சிவப்புப் பொட்டுதான் துளையின் இடம். கையை விரலால் இறுக்கிப் பிடிக்காமல், துணியில் சுற்றிப் பிடித்துத் துளையிடுங்கள். விரல் போன்ற மெல்லிய பாகம் என்றால் 4 மி.மீ. ஆழத்தோடு நிறுத்திவிடலாம்.

இரண்டு ஆழத்தையும் கூட்டி, அதைவிட 1 மி.மீ. குறைவாகக் கம்பியை வெட்டுங்கள். அதன்மேல் உப்புத்தாளைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், வழவழப்பான செம்பில் பசை பிடிக்காது.

பசையில்லாமல் ஒரு ஒத்திகை

கம்பியைச் செருகிக் கையை மாட்டிப் பாருங்கள். விளிம்புகள் சேர்கின்றனவா? நாயனக்காரர் போன்ற பொம்மையில் விரல்களும் வாத்தியத்தைத் தொட வேண்டும். வீணை சரஸ்வதி, புல்லாங்குழல் கிருஷ்ணனுக்கும் இதே கதை. சேரவில்லையென்றால் துளையை ஒரு சுற்று அகலப்படுத்துங்கள். கம்பி கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, அந்த இடைவெளியைப் பசை நிரப்பும். பசை இறுகும்வரை பொம்மை அசையாமல் நிற்கும்படி ஒரு கிண்ணம் நிறையக் கேழ்வரகோ அரிசியோ தயாராக வையுங்கள்.

ஒட்டுவது

இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு பிதுக்கி, பல்குச்சியால் நன்றாகக் கலக்குங்கள். துளைகளுக்குள் பல்குச்சி முனையால் கொஞ்சம், கம்பி மேல் கொஞ்சம், ஒடிந்த முகத்தின் நடுவில் ஒரு துளி. விளிம்பு வரை பூசாதீர்கள், அழுத்தும்போது அது தானே பரவும். கையை மாட்டி, பொம்மையைக் கிண்ணத்தில் தேவையான சாய்வில் புதைத்து வையுங்கள். தானியம் எந்தக் கோணத்திலும் தாங்கிக்கொள்ளும். (அந்த அரிசியை அப்புறம் சமையலுக்கு எடுக்காதீர்கள்.)

வெளியே வழிந்த பசையை உடனே துடைத்தால் பெயிண்ட் மேல் இழுபடும். ரப்பர்போல் இறுகும்வரை பொறுத்து, பல்குச்சியால் நெம்பினால் சுத்தமாக வந்துவிடும். அதன்பின் ஒரு முழு நாள் தொட வேண்டாம்.

பள்ளம் நிரப்புவது

ஒடியும்போது சில்லுகள் போயிருக்கும், அதனால் ஒரு கோடு தெரியும். எம்-சீலின் இரண்டு பாகத்தையும் சமமாகக் கிள்ளி, நிறத்தில் வரி தெரியாத வரை பிசையுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. நூல்போல் உருட்டிக் கோட்டில் அழுத்தி, ஈரப் பல்குச்சியால் தடவிச் சமன் செய்யுங்கள். வளையலோ துணி மடிப்போ கோட்டின் குறுக்கே போனால், இறுகுவதற்கு முன் அதையும் கீறிவிடுங்கள். மறுநாள் 220 தாளால் மெதுவாகவும், பிறகு 400-ஆலும் தேயுங்கள். பாட்டி காலத்துப் பொம்மையென்றால் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். முகமூடி போட்டுக்கொண்டு, குழந்தைகள் இல்லாத நேரத்தில் தேய்த்து, தூளை ஈரத்துணியால் மேஜையிலிருந்து ஒற்றி எடுங்கள்.

வண்ணம்

இங்கேதான் பலர் ஆசையில் கெடுப்பது. கை மட்டும் புதிதாகத் தெரிகிறதே என்று தோளுக்குப் போவார்கள், பிறகு முகம், பிறகு கண். கண்ணைத் தொட்டீர்களென்றால் பொம்மை ஆளே மாறிவிடும். பூச்சு பழுதுபார்த்த இடத்தோடு நிற்கட்டும்.

நிரப்பிய இடத்தில் முதலில் வெள்ளை. காய்ந்தபின் மேனி நிறம்: வெள்ளையில் காவி மஞ்சள், ஒரு சொட்டு சிவப்பு, ஊசிமுனையளவு பழுப்பு. அக்ரிலிக் காய்ந்தால் ஒரு சாயல் கருக்கும், அதனால் கொஞ்சம் வெளிறலாகக் கலந்து, பழைய தாளில் தடவிக் காயவைத்து, பொம்மை அருகே வைத்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், டியூப்லைட்டில் கலந்த நிறம் பகலில் காட்டிக்கொடுக்கும். ஓரத்தில் பிரஷை இழுக்காமல், கிட்டத்தட்ட காய்ந்த பிரஷால் புள்ளி புள்ளியாகக் குத்தினால் புதுசும் பழசும் கலந்துவிடும். பழைய பூச்சு பளபளப்பு எனாமல் என்றால் ஓரத்தை 400 தாளால் ஒருமுறை வருடிவிட்டுப் பூசுங்கள், இல்லாவிட்டால் உரிந்துவரும். கடைசியில் பொம்மையின் பளபளப்புக்கு ஏற்ற வார்னிஷ், அதுவும் ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும்.

ஒடிந்த பொம்மையைக் கொலுவில் வைக்கலாமா என்று என் அத்தை கேட்டார். பூஜைக்கு வைத்த விக்கிரகம் வேறு, அதை நான் தொடமாட்டேன். கல்யாண செட்டு நாயனக்காரரை யார் கும்பிடப்போகிறார்கள்? அவர் வாசிக்க வந்தவர். ஆறாவது படியில், தவில்காரருக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன்.

விஜயதசமி முடிந்து கட்டும்போது ஒன்று: ஒட்டிய கையைப் பஞ்சால் சுற்றி, கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியிலும் பஞ்சு திணியுங்கள். செய்தித்தாளை அதற்கு வெளியே சுற்றுங்கள். பொட்டலத்தின் மேல் எந்தக் கை என்று எழுதிவைத்தால், அடுத்த புரட்டாசியில் பிரிக்கிறவர் அந்தப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கமாட்டார்.