பழைய வண்டிக்கு ரீமேன் என்ஜின் வாங்குவது எப்படி?

புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது என்றதும் ரீமேன் என்ஜின், அதாவது முழுக்கப் பிரித்துப் புதுப்பித்த என்ஜின், வாங்க முடிவு கட்டிவிடாதீர்கள். பெட்ரோல் என்ஜினாக இருந்தால் முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று கேஜ் மாட்டிப் பார்ப்பது. என்ஜினைச் சூடாக்கி, இக்னிஷனையும் ஃபியூவல் பம்பையும் துண்டித்து, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அளவெடுங்கள். அதிகபட்ச அளவைவிட ஏதாவது ஒன்று 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அங்கே கோளாறு இருக்கிறது. அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். அதற்கு ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) இறக்கி வேலை பார்த்தாலே போதும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு ஸ்டெம் சீல்தான். ஆயில் பிரஷர் விளக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். சென்சார் இருக்கும் துளையில் கேஜ் மாட்டி அழுத்தத்தை நேராகப் பாருங்கள்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து இறக்கி, கழுவி விற்பது யூஸ்டு என்ஜின். பழுதானதை மட்டும் மாற்றிக் கோத்தது ரீபில்ட். ரீமேன் என்றால் கடைசி போல்ட் வரை பிரித்து, பிளாக்கிலும் (சிலிண்டர்கள் இருக்கும் அடிக்கூடு) ஹெட்டிலும் விரிசல் சோதித்து, சிலிண்டரைக் கடைந்து (ரீபோர்) சுவரை மெருகிட்டு (ஹோனிங்), பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க்கைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து, பிஸ்டன், ரிங், பேரிங், டைமிங் செயின், ஆயில் பம்ப், கேஸ்கட் எல்லாம் புதிதாகப் போட்டிருக்க வேண்டும். ஆனால் இந்த மூன்றுக்கும் கடைக்குக் கடை ஒரே பெயர் சொல்வார்கள். அதனால் பெயரைக் கேட்காமல் அளவைக் கேளுங்கள்: போர் எத்தனை ஓவர்சைஸ் (கடைந்ததில் எவ்வளவு பெரிதானது), கிராங்க் எத்தனை அண்டர்சைஸ் (தேய்த்ததில் எவ்வளவு சிறிதானது)? 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் என்று பதில் உடனே வர வேண்டும். மழுப்பினால் அது பெயின்ட் அடித்த யூஸ்டு என்ஜினாக இருக்கலாம்.

என்ஜினை ஷார்ட் பிளாக், லாங் பிளாக் என்று இரண்டு விதமாக விற்பார்கள். ஷார்ட் பிளாக்கில் ஹெட் வராது. லாங் பிளாக்கில் ஹெட்டும் வால்வும் அதைத் திறக்கும் கேமும் வரும். மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர் போன்றவற்றைப் பழையதிலிருந்து எடுத்து மாட்ட வேண்டும். பழைய வண்டிக்கு லாங் பிளாக்தான் நல்லது. அதே ஓட்டம் ஓடிய ஹெட்டைப் புது பிளாக்கின் மேல் வைப்பதில் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை.

நம்பர் பொருத்தம்

விற்பவரிடம் சேஸிஸ் நம்பரோடு பிளாக்கில் அடித்திருக்கும் என்ஜின் நம்பரையும் கொடுங்கள். வண்டி கைமாறி வந்திருந்தால் உள்ளே இருப்பது கம்பெனி போட்ட என்ஜின்தானா என்பதே சந்தேகம். ஒரே குடும்ப என்ஜினிலும் நடுவில் மாற்றம் வரும். செவ்ரலேயின் ஸ்மால் பிளாக் என்ஜினில் 1986 முதல் பின் மெயின் சீல் (கிராங்க்கின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுப்பது) இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டானது. முந்தைய ஃபிளைவீல் அதில் சேராது. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் என்ஜின்களில் கிராங்க் சென்சார் வீல் முதலில் 24 பல், பிறகு 58 பல். மாற்றிப் போட்டால் என்ஜின் சுற்றும், ஆனால் வண்டியின் கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்கு புரியாது, ஸ்டார்ட் ஆகாது. என்ஜின் நம்பர் வண்டிப் பதிவில் இருக்கும் ஊரில் மாற்றத்தைப் பதிவதையும் மறக்க வேண்டாம்.

வாரன்டியும் கோர் முன்பணமும்

எத்தனை மாதம் வாரன்டி என்பதைவிட, எதற்கு வாரன்டி என்பது முக்கியம். பாகத்துக்கு மட்டும் என்றால் இறக்கி ஏற்றும் கூலி உங்கள் தலையில் விழும். கூலியும் உண்டு என்றால் மணிக்கு எவ்வளவு, அதிகபட்சம் எத்தனை மணி என்று எழுத்தில் வாங்குங்கள். பிளாக்கிலோ ஹெட்டிலோ ஒட்டியிருக்கும் பொத்தான் அளவு ஹீட் டேப்பைப் பாருங்கள். என்ஜின் சுமார் 125 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் நடுப்பகுதி உருகிவிடும்; உருகியிருந்தால் வாரன்டி கிடையாது.

கோர் என்பது பழைய என்ஜினைத் திருப்பிக் கொடுக்கும்வரை பிடித்துவைக்கும் முன்பணம். கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்து வெளியே வந்திருந்தாலோ, ஹெட்டில் விரிசல் இருந்தாலோ, பாகம் குறைந்தாலோ முழுத்தொகை வராது. ஆயிலை வடித்து, வந்த பெட்டியிலேயே கட்டி, படம் எடுத்துவைத்து, கெடு தேதிக்குள் அனுப்புங்கள்.

பழையது ஏன் செத்தது?

ரீமேன் என்ஜின் சீக்கிரம் போவதற்கு என்ஜின் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. பழையதைக் கொன்றது பல சமயம் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும். சூட்டில் போனதென்றால் ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாவற்றையும் பாருங்கள். பாதி அடைத்த ரேடியேட்டர் ஐடிலில் ஒன்றும் காட்டாது, ஏற்றத்தில்தான் காட்டும். பேரிங் போனதென்றால் ஆயில் கூலரை மாற்றியே ஆக வேண்டும். அதன் குழல்களில் சிக்கிய உலோகத்தூளை எந்தக் கழுவலும் முழுக்க எடுக்காது. புது பேரிங்குக்குள் அது முதல் நாளே போய்விடும். பிஸ்டன் உருகியிருந்தால் இன்ஜெக்டரைச் சோதியுங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் சூடான வாயு வெளியேற வழியின்றி வால்வைத் தின்னும்.

என்ஜின் வெளியே இருக்கும்போதே வாட்டர் பம்ப், என்ஜின் மவுன்ட், பிசிவி வால்வு, பெல்ட், மேனுவல் என்றால் கிளட்ச், எல்லாம் மாற்றிவிடுங்கள். தனியாகச் செய்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி.

இறக்கியதும், மாட்டும்போதும்

லாரிக்காரரிடம் கையெழுத்துப் போடுமுன் பெட்டியைத் திறந்து, சம்ப் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) நசுங்கியிருக்கிறதா பாருங்கள். பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, ஓடும் திசையில் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். சீரான இறுக்கம் சரி. ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் மாட்டாமல் திருப்பி அனுப்புங்கள். பழையதைப் பக்கத்தில் வைத்து மவுன்ட் துளை, சென்சார் துளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கியர்பாக்ஸ் சேரும் முகத்தில் இரண்டு டவல் பின் (இரண்டையும் நேராகப் பொருத்தும் சிறு குச்சி) இருக்க வேண்டும். பலமுறை அவை பழைய பிளாக்கிலேயே தங்கிவிடும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் டார்க் கன்வெர்ட்டரை (என்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) சுழற்றித் தள்ளி முழுக்க உள்ளே உட்காரவையுங்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் கையாலேயே சேர வேண்டும். இடைவெளியைப் போல்ட் முறுக்கி மூடினால் கியர்பாக்ஸ் பம்ப் உடையும்.

முதல் ஸ்டார்ட்

ஆயில் ஊற்றி, முடிந்தால் ஃபில்டரையும் நிரப்பி, கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். பிளக் இல்லாமல், ஃபியூவலையும் இக்னிஷனையும் நிறுத்தி, ஆயில் பிரஷர் ஏறும்வரை விட்டுவிட்டு கிராங்க் செய்யுங்கள். பிரஷர் வராமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஃபிளாட் டேப்பெட் கேம் (உருளை இல்லாத தட்டை முகத்தின் மேல் நேராக உரசும் கேம்) உள்ள பழைய என்ஜின் என்றால் ஸ்டார்ட் ஆனதும் 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட வேண்டும். அந்தக் கேம் முனைகளுக்கு ஆயில் தெறித்துத்தான் கிடைக்கிறது. ஐடிலில் அது போதாது, கேம் அப்போதே தேய்ந்துவிடும். துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில் இதற்காகத்தான். ரோலர் கேமுக்கு இந்தச் சடங்கு தேவையில்லை.

முதல் 800 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள், பாரம் இழுக்காதீர்கள். மிதமாக வேகமெடுத்து, காலை எடுத்துத் தானாக வேகம் குறையவிடுங்கள். ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு அழுத்தி உட்காரவைப்பது உள்ளே எரியும் வாயுவின் அழுத்தம்தான். ரொம்பப் பயந்து உருட்டினால் சுவர் வழவழத்துப்போய் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்.

பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வாரன்டிக்கு முதலில் கேட்பது அதைத்தான். கழற்றிய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் மெல்லிய தூள் இயல்பு. செதில் செதிலாக உலோகம் தெரிந்தால் வண்டியை நிறுத்திப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். அவர் சொல்லும்வரை சம்ப்பில் கை வைக்க வேண்டாம். நீங்கள் பிரித்த என்ஜினுக்கு அவர் பொறுப்பேற்க மாட்டார்.