ஸ்டேரிங் கனமாயிடுச்சா? எடுத்த எடுப்புல ரேக்குல கை வைக்காதீங்க

நம்ம கோலாலம்பூர்ல இப்ப வேலை கத்துக்க வர்ற பசங்கள பாக்கறேன், நாங்க செகாம்புட் பக்கம் ஸ்பானர் எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்த காலத்துல நடந்த அதே தப்புதான் திரும்ப நடக்குது. டயர்ல காத்து கம்மி, ஸ்டேரிங் எண்ணெய் குறைஞ்சு போச்சு, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடலாம், மத்த தப்புங்கள ஒவ்வொண்ணா சொல்றேன். ரேக்குன்னா ஸ்டேரிங் திருப்பறத முன் சக்கரத்துக்குக் கொண்டு போற பல்லு வச்ச கம்பி.

கனமா இருந்தா ரேக்குதான்னு முடிவு கட்டறது

இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வர்ற விஷயம் இது. காடி (கார்) பட்டறைக்குள்ள வருது, ஃபோர்மென் ஸ்டேரிங்க ஒரு திருப்பு திருப்பிட்டு "ரேக் போச்சுக்கா"ன்னு சொல்லிடறாரு, சாயங்காலத்துக்குள்ள பழைய காடிய வெட்டி சாமான் விக்கற ஹாஃப் கட் கடையிலேருந்து ஒரு பழைய ரேக் வந்து ஏறிடுது. ரேக் கெட்டே போகாதுன்னு நான் சொல்லல. ஆனா கெட்டுச்சுன்னா பெரும்பாலும் அடையாளம் காட்டும்: எண்ணெய் ஒழுகும், இல்ல ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கனமா இருக்கும், இல்ல மேடு பள்ளத்துல டக்கு டக்குன்னு அடிக்கும். இதுல ஒண்ணுமே இல்லாம ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கனமா இருந்தா ரேக்க கடைசியாதான் சந்தேகப்படணும்.

செந்தூல்ல ஸ்கூல் வேன் ஓட்டுற ஒரு அக்கா. வேற ஒரு பட்டறையில ரேக் மாத்தி, அலைமென்ட் பண்ணி, சில நூறு வெள்ளி குடுத்துட்டு வந்தாங்க, ஸ்டேரிங் மட்டும் அப்படியேதான் இருந்துச்சு. காலையில பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு சின்ன லோரோங்ல (சந்துல) யூ டர்ன் அடிக்கும்போது தோள்பட்டை வலிக்குதுன்னாங்க. எஞ்சின போட்டு ஸ்டேரிங்க வேகமா வெட்டினா, எண்ணெய அழுத்தி ஸ்டேரிங்குக்கு உதவி குடுக்கற பம்ப் முனகுது, ஸ்டேரிங் பிடிச்சுப் பிடிச்சு விடுது, எண்ணெய் டப்பா (ரிசர்வாயர்) மூடிய திறந்தா உள்ள ஒரே நுரை. எண்ணெய உறிஞ்சி எடுத்துட்டு லைட் அடிச்சு பாத்தேன், அடியில இருக்கற வடிகட்டி வலை தெரியவே இல்ல, கரேல்னு சேறு மாதிரி அப்பிக்கிட்டு இருந்துச்சு, ஸ்க்ரூ டிரைவர் முனையால சுரண்டினா கட்டியா பேர்ந்து வருது. பம்புக்கு எண்ணெயே போய்ச் சேரல, அப்புறம் ரேக் என்ன செய்யும்? ரிசர்வாயர மாத்தி, பழைய எண்ணெய முழுசா வெளியேத்தி புதுசு ஊத்தினதும் ஸ்டேரிங் லேசாயிடுச்சு. ஆனா அவங்களோட நல்ல ரேக்க அந்தப் பட்டறையில டிரேட் இன் போட்டு எடுத்துட்டாங்க, மாட்டிவிட்ட ஹாஃப் கட் ரேக் கொஞ்ச நாள்லயே ரப்பர் உறைக்குள்ள (பூட்) ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. அந்தக் காசு பிள்ளைங்கள ஏத்தி இறக்கி சம்பாதிச்ச காசு, அதான் மனசு ஆறல.

அதனால தம்பிங்களா, ஒரு சாமானையும் கழட்டறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க. முன்பக்கத்த ஜேக் போட்டுத் தூக்கி ஸ்டேண்ட்ல நிறுத்துங்க, எஞ்சின் ஆஃப், சாவி மட்டும் லாக்க விடுவிக்கற அளவுக்கு. இப்ப கையால ஒரு கோடியிலேருந்து மறு கோடி வரைக்கும் மெதுவா திருப்புங்க. அப்பவும் எங்கயாவது இறுக்கிப் பிடிச்சா பம்பையும் எண்ணெயையும் மறந்துடுங்க, கோளாறு இரும்புல இருக்கு. ஒரு சுத்துக்குள்ள ரெண்டு தடவ கனமாகி லேசாச்சுன்னா ஸ்டேரிங் கம்பியில இருக்கற யூனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடிச்சிருக்கு. காடிய கீழ இறக்கிட்டு ஒரு ஆள திருப்பச் சொல்லி முன் சக்கரத்து சுருள் ஸ்பிரிங் (காயில்) மேல லேசா கைய வைங்க, சுருளுக்கு நடுவுல விரல விடாதீங்க. ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு டங்குனு துள்ளினா மேல ஷாக் அப்சாபர் மாட்டியிருக்கற மவுன்ட்டோட பேரிங் போச்சு. கார் பார்க் சுழல் பாதையில இறங்கி வந்ததும் ஸ்டேரிங் தானா நேரா திரும்பலன்னா அதுக்கும் காரணம் பல நேரம் இதுதான்.

தூக்கி வச்சு திருப்பும்போது லேசா இருந்தா பம்ப் குடுக்கற உதவிதான் வரல. ஐட்லிங்ல கனம், ஆக்சிலேட்டர் மிதிச்சா லேசுன்னா பெல்டிங் தளர்ந்திருக்கணும், இல்ல பம்ப் தேஞ்சிருக்கணும். மழையில நனைஞ்சதும் கீச்சுன்னு கத்தினா பெல்டிங்தான்.

கையில கிடைச்ச எண்ணெய ஊத்தறது

ஹோண்டாவுக்கு அதோட சொந்த பவர் ஸ்டேரிங் எண்ணெய் தனி. ஏடிஎஃப் (ஆட்டோ கியர் எண்ணெய்) கேக்கற காடிக்கு ஏடிஎஃப். மேனுவலயோ மூடியில எழுதியிருக்கறதயோ பாருங்க.

பம்ப மட்டும் மாத்தறது

பழைய பம்ப் தேஞ்ச இரும்புத் தூள் எண்ணெய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். ஃப்ளஷ் பண்ணாம, அதாவது பழைய எண்ணெய முழுசா வெளியேத்தாம, புது பம்ப் மாட்டினா அதுவும் சீக்கிரம் போயிடும். எண்ணெய்ல மாட்டின காத்த எடுக்கும்போதும் அவசரம் வேணாம், முன் சக்கரம் தூக்கி இருக்கணும், எஞ்சின் ஆஃப்ல மெதுவா அந்தக் கோடி இந்தக் கோடி திருப்பி, குறையக் குறைய எண்ணெய் ஊத்தி, குமிழி நின்னதுக்கு அப்புறம்தான் ஸ்டார்ட்.

மைவில எண்ணெய் தேடறது

மைவி பெரோடுவா கார், அதுக்கு எலக்ட்ரிக் ஸ்டேரிங், எண்ணெயே கிடையாது. மோட்டார் கரன்ட்ட இழுக்கும், அதனால முதல்ல பேட்ரி. காடி நின்னிருக்கும்போது 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், எஞ்சின் ஓடும்போது 13.8லேருந்து 14.4 வரைக்கும். அடுத்தது எர்த் வயர், ஃபியூஸ். எரர் கோட குறிச்சு வச்சிட்டு அப்புறம் அழிங்க, நிறைய பேர் அழிச்சிட்டுதான் என்ன கோடுன்னு கேக்கறாங்க. நெருக்கடியான பார்க்கிங்ல ரொம்ப நேரம் முன்ன பின்ன வெட்டிக்கிட்டே இருந்தா மோட்டார் சூடாகி உதவிய தானா குறைச்சிடும், ஆறினதும் திரும்ப வந்துடும். அதுக்காக மோட்டார் இருக்கற ஸ்டேரிங் காலம் (தண்டு) மாத்த வேணாம்.

பெல்டிங் அறுந்த பிறகும் ஓட்டறது

திடீர்னு கனமாகி பேட்ரி லைட்டும் சேந்து எரிஞ்சா ஓரமா நிறுத்துங்க. பல காடில வாட்டர் பம்பும் அதே பெல்டிங்லதான் ஓடுது, வீடு வரைக்கும் போயிடலாம்னு ஓட்டினா எஞ்சினும் சூடாகி போயிடும்.