மட்டக்களப்பில் குடும்பப் பெயரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவிலோ சுவிஸிலோ பிறந்த பிள்ளை தன் பாஸ்போர்ட்டில் கடைசியாக உள்ள பெயரை இணையத்தில் தட்டிப் பார்க்கிறது. 'கதிராமத்தம்பி' என்று வைத்துக்கொள்வோம். பெயரின் பொருள், அது தோன்றிய இடம், உலகில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர், எந்த நாட்டில் அதிகம் என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தளங்களில் விடை கிடைக்கும். அந்த விடைகளில் பெரும்பகுதி மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்குப் பொருந்தாது. தேடுகிற பிள்ளை மேல் பிழை இல்லை. இந்தக் கரையில் குடும்பம் ஒரு வழியாகவும் பெயர் இன்னொரு வழியாகவும் போகின்றன. அது தெரியாமல் தேடத் தொடங்கினால், நல்ல மனதோடு தப்பான வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்போம்.

கடைசிப் பெயரைப் பரம்பரைப் பெயர் என்று எடுப்பது

முதல் தவறு இதுதான், அதிகம் நடப்பதும் இதுதான். கதிராமத்தம்பியின் மகன் சிவலிங்கம் ஊரில் க. சிவலிங்கம். சிவலிங்கத்தின் மகள் சி. மாலதி. கலியாணம் முடித்த பிறகு சில கடதாசிகளில் கணவன் பெயரோடு இருப்பார், சிலவற்றில் தகப்பன் பெயரோடே இருப்பார். ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறும். சிவலிங்கம் வெளிநாடு போய்க் குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் தகப்பன் பெயரை எழுதினால், அன்றோடு 'கதிராமத்தம்பி' உறைந்துவிடுகிறது. பேரப்பிள்ளைகள் எல்லாரும் கதிராமத்தம்பி ஆகிவிடுகிறார்கள். ஊரில் இருக்கும் அவர்களுடைய சொந்த மச்சான்மாருக்கோ வேறு வேறு தகப்பன் பெயர்கள்.

ஆகவே 'இந்தப் பெயர் இத்தனை பேருக்கு உண்டு' என்ற கணக்குக்குப் பொருள் ஒன்றுதான்: இத்தனை பேருக்குத் தகப்பனாகவோ பாட்டனாகவோ அந்தப் பெயரில் ஒருவர் இருந்திருக்கிறார். அவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தம் என்று அது சொல்லவில்லை. கதிராமத்தம்பி என்ற பெயர் கதிர்காமத்து முருகன் மேல் உள்ள பக்தியால் வைக்கப்பட்டது. கிழக்கில் ஊருக்கு ஊர் அந்தப் பெயரில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்து இன்னொரு குழப்பம். 'தம்பிப்பிள்ளை' என்ற ஒரே பெயரைப் பதிவுகாரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பிகளே இரண்டு எழுத்துக்கூட்டலில் இருப்பதைக் காணலாம். அதைப் பார்த்து இரண்டு குடும்பம் என்று முடிவு கட்டக் கூடாது.

தாய்வழியை விட்டுவிட்டுத் தேடுவது

சரி, அப்படியானால் இங்கே குடும்பப் பெயரே இல்லையா? இருக்கிறது. அதைக் 'குடி' என்கிறோம். அது தாய் வழியாக வரும். எந்த அடையாள அட்டையிலும் அது இல்லை.

உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பெத்தான் குடி, பணிக்கனா குடி, கச்சிலா குடி என்று, இங்குள்ள பெரிய சாதிகளில் ஒன்றான முக்குவரிடையே கேட்கலாம். துறைநீலாவணை, வீரமுனை பக்கத்துச் சீர்பாதகுல மக்களிடம் காலதேவன் குடி, காங்கேயன் குடி போன்ற பெயர்கள் உண்டு. வேளாளரிடமும் குடிகள் உண்டு. முஸ்லிம்களிடமும் உண்டு. ராசாம்பிள்ளை குடி, வரிசைநாச்சி குடி, லெவ்வை குடி என்று அக்கரைப்பற்றுப் பக்கத்தில் கேட்டிருப்பீர்கள். மார்க்கம் வேறு, கோவிலும் பள்ளிவாசலும் வேறு, குடிமுறை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று. இலங்கையின் வேறு பகுதி ஆட்கள் இதைக் கேட்டால் நம்பவே மாட்டார்கள்.

தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை, அவர்கள் அண்ணன் தங்கை முறை. எனவே ஒரு வீட்டில் தகப்பன் ஒரு குடியாகவும் தாயும் பிள்ளைகளும் வேறு குடியாகவும் இருப்பார்கள். மகனும் அம்மாவின் குடிதான், ஆனால் அவனுடைய பிள்ளைகள் மருமகளின் குடிக்குப் போய்விடுவார்கள். ஒரு தாயிலிருந்து கிளைத்த நெருங்கிய கூட்டத்தை 'வயிற்றுவார்' என்று சொல்லும் வழக்கமும் உண்டு. அம்மா, அம்மம்மா, அம்மம்மாவின் அம்மா என்று பெண்கள் வழியே போகும் கோடுதான் அறுபடாத கோடு. பாஸ்போர்ட்டில் உறைந்துபோன பெயர் அப்பாவின் அப்பாவுடையது. அந்தக் கோடும் குடிக்கோடும் உங்களில் மட்டும்தான் சந்திக்கின்றன. அந்தப் பெயரை வைத்துக் குடியைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சொத்தும் ஒரு காலத்தில் இதே வழியில்தான் போனது. முக்குவர் சட்டப்படி ஆணின் முதுசம் (பரம்பரைச் சொத்து) அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குச் சேரும். 1876இல் வந்த திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அந்தச் சட்டம் வலுவிழந்தது. ஆனால் பழக்கம் சாகவில்லை, உருமாறிக்கொண்டது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். ஊரில் அக்கா தங்கைகளின் வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் காரணம் அதுதான். யாழ்ப்பாணத்துத் தேசவழமையைப் படித்துவிட்டு அதை இங்கே பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. அது வடக்குத் தமிழருக்கு உரிய சட்டம், இந்தக் கரையின் குடும்பங்களுக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் உங்களுடையது என்றால் குடியைத் தேடி அலைய வேண்டாம், அவர்களிடம் இந்த முறை இல்லை.

பிறப்புச் சான்றிதழோடு நின்றுவிடுவது

பழைய பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் தகப்பன் பெயர், அவர் பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்கு ஒரு கட்டம் உண்டு. பிரசாவுரிமை பார்ப்பதற்காக வைத்தது. அதைப் பார்த்ததும் ஒரு தலைமுறை கூடுதலாகக் கிடைத்த மகிழ்ச்சியில் ஆட்கள் அதே வழியில் ஓடிவிடுகிறார்கள். அம்மம்மாவுக்கு அங்கே கட்டம் இல்லை. அவரைப் பிடிக்க அம்மாவின் பிறப்புச் சான்றிதழை எடுக்க வேண்டும், பிறகு அம்மம்மாவுடையதை. வீட்டில் இருந்த பிரதிகள் 1978 சூறாவளியிலோ 1990இன் இடப்பெயர்விலோ 2004 சுனாமியிலோ போயிருக்கலாம். அதற்காகப் பதிவும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். முதலில் பிறப்புப் பதிந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் இந்தக் கரையில் சான்றிதழை விடக் காணி உறுதிதான் நல்ல சாட்சி. சீதன உறுதியில் தாய் மகளுக்குக் கொடுத்தது, அந்தத் தாய்க்கு அவர் தாயிடமிருந்து வந்தது என்று உரிமை வந்த வழி எழுதப்பட்டிருக்கும். எல்லைகளைப் படித்தால் வடக்கே யார் வளவு, கிழக்கே யார் வளவு என்றும் தெரியும். அந்தப் பெயர்களில் பாதி பெரியம்மா, சின்னம்மாமாராகத்தான் இருக்கும். நொத்தாரிசு எழுதிய தமிழ் கொஞ்சம் பல்லுடைக்கும், பொறுமையாகப் படிக்க வேண்டும்.

இன்னொன்று: அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய தாளில் கல்முனையும் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் பொத்துவிலும் மட்டக்களப்பு மாவட்டத்தில்தான் இருக்கும். 'எங்கள் ஆக்கள் மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக்கு வந்தவர்கள்' என்று சிலர் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆக்கள் எங்கேயும் போகவில்லை, எல்லைக்கோடுதான் வந்தது. இன்னும் பழைய உறுதிகளில் கரவாகுப்பற்று, நாடுகாடு, எருவில்பற்று என்று பற்றுப் பெயர்கள், அதாவது பழைய நிர்வாகப் பிரிவுகளின் பெயர்கள் வரும். இன்றைய வரைபடத்தில் தேடினால் சிலது கிடைக்காது.

பட்டத்தைப் பெயராகப் படிப்பது

'போடி' என்றால் நிலமும் செல்வாக்கும் உள்ள பெரியவர். வேலுப்போடி, கந்தப்போடி எல்லாம் அப்படி வந்தவை. வட்டவிதானை என்பது வயல் வட்டத்தையும் நீர்ப்பாய்ச்சலையும் பார்த்தவர். உடையார், விதானை அந்தக் கால அரசாங்க வேலைகள். வண்ணக்கர் கோவில் நிர்வாகத்தில் இருப்பவர். இவை பெயரின் பின்னால் ஒட்டி ஆங்கிலத் தாளில் கடைசிப் பெயராகிவிட்டால், போடிகள் எல்லாரும் ஒரு வம்சம் என்று தோன்றும். அப்படி இல்லை.

முஸ்லிம் பெயர்களில் இது இன்னும் சிக்கல். பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் இருப்பது இங்கத்தைய ஏற்பாடு, அங்கே மரைக்காயர் என்றால் பொறுப்பு. தமிழ்நாட்டுக் கரையில் அதே சொல் ஒரு சமூகத்தின் பெயர். இணையத்தில் தேடினால் அந்தக் கதைதான் முதலில் வரும், உடனே காயல்பட்டினத்தில் பூர்வீகம் தேடக் கிளம்பிவிடாதீர்கள். லெப்பை, இங்கத்தைய நாக்கில் லெவ்வை, பள்ளிவாசலில் ஓதிக்கொடுப்பவரைக் குறித்தது. பிறகு பெயர்களிலேயே ஊறிவிட்டது: உதுமாலெப்பை, மீராலெப்பை, அகமதுலெப்பை.

முதலெழுத்துகளை எண்ணும்போது கவனம். யூ.எல். என்று இருந்தால் இரண்டு மூதாதையர் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது உதுமாலெப்பை என்ற ஒரே வாப்பா. ஏ.எல்.எம். என்றால் அகமதுலெப்பை வாப்பா, 'எம்' பிள்ளையின் சொந்தப் பெயரின் முன்னால் உள்ள முகம்மது. மூன்று எழுத்துக்கு மூன்று தலைமுறை வரைந்த வம்சமரங்கள் எத்தனையோ உண்டு.

குடிப் பெயரின் பொருளில் கதை கட்டுவது

குடியைக் கண்டுபிடித்தவர்கள் அடுத்து விழும் குழி இது. காலிங்கா குடி என்றதும் 1215இல் இலங்கைக்குப் படையோடு வந்த கலிங்க மாகோன் என்ற அரசன் நினைவுக்கு வருவான். படையாண்ட குடி என்றால் படைத்தளபதி. பெயர் அப்படிச் சொல்கிறது, ஊர் மரபும் மாகோனைச் சொல்கிறது, எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 13ஆம் நூற்றாண்டுக்கும் உங்கள் அம்மம்மாவுக்கும் இடையில் பெயர் பெயராகக் கோர்த்த சங்கிலி எதுவும் கையில் இல்லை. 'பணிக்கன்' இன்னும் நல்ல உதாரணம். கேரளத்தில் பணிக்கர் என்பது களரி ஆசான்மாரின் பட்டம், மட்டக்களப்பில் பணிக்கன் என்றால் யானை பிடிப்பவர், ஏறாவூர்ப் பணிக்கன்மார் அதற்குப் பேர்போனவர்கள். பணிக்கனா குடிக்கு இதில் எது மூலம்? அகராதி பதில் சொல்லாது. கேரளத்து மருமக்கள் தாயம் என்ற தாய்வழி உரிமை முறைக்கும் நம் குடிமுறைக்கும் ஒற்றுமை நிறைய, அதைப் பேசலாம். அதிலிருந்து 'நாங்கள் இன்ன தறவாட்டிலிருந்து (கேரளத்துப் பூர்வீகக் குடும்ப வீடு) வந்தோம்' என்று தாவுவது வேறு விஷயம்.

1962இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த, மட்டக்களப்பின் பழங்கதை சொல்லும் மட்டக்களப்பு மான்மியத்தையும், 'கல்வெட்டு' என்ற பெயரில் ஏடுகளில் வந்த பாடல்களையும் படியுங்கள், கட்டாயம் படியுங்கள். ஆனால் அவை எதற்காக எழுதப்பட்டன என்பதை மறக்காமல் படியுங்கள். எந்தக் குடிக்கு எந்தக் கோவிலில் என்ன உரிமை, யாருக்கு முதல் மரியாதை என்பதை நிலைநாட்ட எழுந்தவை அவற்றில் நிறைய. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், மண்டூர் முருகன், திருக்கோவில் சித்திரவேலாயுதர் போன்ற பெருங்கோவில்களில் இந்த உரிமை இன்றும் உயிரோடு இருக்கும் சங்கதி. திருவிழா முறையைப் பார்த்தால் எந்த ஊரில் எந்தக் குடி உண்டு என்று தெரிந்துகொள்ளலாம். பரவலை அறிய எந்த இணையத் தளத்தையும் விட அது மேல்.

ஒரே குடிப் பெயர் இரண்டு ஊரில் இருந்தால் ஒரே குடும்பம் என்றும் சொல்லிவிட முடியாது. சாதி மாறியும், சில பெயர்கள் தமிழர் முஸ்லிம் என்று சமூகம் மாறியும் வரும். காத்தான்குடியும் களுவாஞ்சிகுடியும் இந்தக் குடிகள் அல்ல, ஊர்கள் என்பதைக் கிழக்கு ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் மருமக்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பறங்கிப் பெயர்கள்

தகப்பன் வழியில் மாறாமல் வரும் உண்மையான குடும்பப் பெயர் இங்கே போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியரிடம் இருக்கிறது. போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். பத்து ஆண்டு ஆண்டவர்களின் மொழி நிலைத்தது, ஒல்லாந்தரின் மொழி நிலைக்கவில்லை. அதனால் ஒல்லாந்தப் பெயர் உள்ள குடும்பமே வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் (கலப்பு மொழி) பேசுவதைப் பார்க்கலாம். பெயரை வைத்துப் பூர்வீக நாட்டைச் சொல்வது அங்கேயே தடுமாறுகிறது. பெர்னாண்டோ போன்ற பெயர்களோ ஞானஸ்நானத்தோடு வந்தும் இருக்கும், இரத்தக் கலப்புக்கு அது ஆதாரமல்ல. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வசதி, தேவாலயப் பதிவேடு. மெதடிஸ்த மிஷன் 1814இலேயே மட்டக்களப்புக்கு வந்துவிட்டது, கத்தோலிக்கம் அதற்கும் முந்தியது.

கேட்கத் தெரியாமல் கேட்பது

'நீங்க என்ன குடி?' என்று அந்நியரிடம் நேரே கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்குள் சாதியும் இருக்கிறது, கலியாணப் பேச்சும் இருக்கிறது, கோவிலில் யார் முன்னே யார் பின்னே என்ற பழைய வழக்கும் இருக்கிறது. குடிகளுக்குள் மேல் கீழ் உண்டு, கீழே வைக்கப்பட்டவர்கள் அதை மறக்கவே விரும்புவார்கள். அவர்கள் மறைத்ததை வம்சமரம் என்ற பெயரில் தோண்டி எடுத்துப் பொதுவில் போடுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை என்பது என் எண்ணம்.

சொந்தத்துக்குள் கேளுங்கள். அம்மம்மா, அவருடைய தங்கைமார், முஸ்லிம் வீடென்றால் உம்மும்மா, மூத்தம்மாமார். ஆண்களிடம் கேட்டால் போடியார் கதையும் வயற்கணக்கும் வரும். யார் வயிற்றில் யார் பிறந்தார், எந்த வளவு யாருக்குச் சீதனமாகப் போனது, எந்தச் சம்பந்தம் ஒரே குடி என்று நின்றுபோனது என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். குடிப்பெயர் தெரியாது என்று சொன்னால், 'நம்மட ஆக்கள் யாரோட சம்பந்தம் செய்ய மாட்டாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சை ஒலிப்பதிவு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கேட்கும் பெயர்களுக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள். சின்னப்பிள்ளை என்ற பெயரில் மட்டும் ஒரு குடும்பத்தில் நாலு பேர் இருப்பார்கள், 'கோளாவில் சின்னப்பிள்ளை' என்று எழுதியிருந்தால்தான் பிறகு ஆளைப் பிரித்தறிய முடியும்.