செகா அலாதீன்: முதல் முறை ஆடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிஸ்னியின் அலாதீன் படம் வந்தது 1992இல். அடுத்த ஆண்டே அதை வைத்து ஒரே பெயரில் இரண்டு கேம்கள் வந்துவிட்டன. சூப்பர் நிண்டெண்டோ கன்சோலுக்குக் கேப்காம் நிறுவனம் செய்தது ஒன்று, செகா ஜெனிசிஸ் கன்சோலுக்கு வர்ஜின் கேம்ஸ் நிறுவனம் செய்தது மற்றொன்று. பெயர்தான் ஒன்று, ஆட்டம் வேறு. கேப்காம் அலாதீனிடம் வாள் கிடையாது, எதிரியின் தலைமேல் குதித்துத்தான் சமாளிக்க வேண்டும். செகா அலாதீன் வாளும் கையுமாக வருவான். ஒன்றுக்கான டிப்ஸைப் பார்த்துவிட்டு மற்றதை ஆடினால் குழப்பம்தான் மிஞ்சும். கீழே இருப்பதெல்லாம் செகா ஆட்டத்துக்கு.

படி 1: எதில் ஆடுவது

பழைய கன்சோலைத் தேடி அலைய வேண்டாம். 2019இல் அலாதீனையும் லயன் கிங்கையும் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியானது. பிசி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் நான்கிலும் ஓடும். அதில் ரீவைண்ட் உண்டு. தவறி விழுந்தால் சில நொடி பின்னால் போய்த் திரும்ப ஆடலாம். முழு ஆட்டத்தையும் வீடியோ போல ஓடவிட்டுப் பார்த்து, வேண்டிய இடத்தில் நாமே கன்ட்ரோலை வாங்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் முதல் லெவலில் ரீவைண்டைத் தொடாமல் ஆடுங்கள். அங்கே வாங்கும் அடிதான் பாடம்.

படி 2: வாளா, ஆப்பிளா

ஆட்டம் தொடங்கியதும் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே வீசுங்கள், குதியுங்கள், குனியுங்கள். வாள் எட்டும் தூரம் குறைவு, ஆனால் தீராது. ஆப்பிள் தூரத்தில் இருப்பவனையும் அடிக்கும், ஆனால் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். புதியவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஆப்பிளைக் கண்டபடி எறிந்து தீர்த்துவிடுவார்கள். அப்புறம் மாடத்திலோ மேல்தளத்திலோ நிற்பவனை அடிக்க ஒன்றும் இருக்காது.

இந்த ஆட்டத்தின் விசேஷமே இங்கேதான். டிஸ்னியின் அனிமேட்டர்கள் கையால் வரைந்த ஓவியங்களைக் கணினியில் ஏற்றித்தான் இதன் உருவங்களை அசைய வைத்தார்கள். அதனால் எதிரி கத்தியை எறியும் முன் கை ஓங்குவது நன்றாகவே தெரியும். அந்த ஓங்கலைக் கவனியுங்கள். கத்தி பறந்து வரும்போது சரியாக வாளை வீசினால் அது தெறித்துப் போகும். இந்த ஒரு வித்தை கைவந்துவிட்டால் பாதி ஆப்பிள் மிச்சம்.

படி 3: திரையைப் படிப்பது

உயிர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட இதில் கோடோ கட்டமோ இல்லை. மூலையில் ஒரு விளக்கு, அதிலிருந்து நீலப் புகை. அடிபட அடிபடப் புகை சுருங்கும். நீல இதயம் கிடைத்தால் திரும்ப நீளும். சிவப்புக் கற்களை விடாமல் சேருங்கள், வழியில் வரும் வியாபாரியிடம் கொடுத்து கூடுதல் லைஃப் வாங்கலாம். விளக்குப் பூதம் ஜீனியின் முகம், குரங்கு அபுவின் முகம் இரண்டும் லெவல் முடிந்தபின் போனஸுக்கு. நீல ஜாடியைத் தொட்டால் செக்பாயிண்ட். செத்தால் அங்கிருந்து தொடங்கலாம். அதனால் ஜாடி கண்ணில் பட்டால் சுற்றியாவது போய்த் தொட்டுவிடுங்கள்.

படி 4: அக்ரபா சந்தை

முதல் லெவல் இதுதான். தரையில் தணல் பரப்பிய இடம் வரும். அதில் நின்றால் புகை குறையும், எனவே நிற்காமல் குதித்துக்கொண்டே தாண்டுங்கள். ஒட்டகத்தின் முதுகில் குதித்தால் அது துப்பும், எதிரே வருபவனுக்கு அடி. சும்மா சிரிப்புக்காகவே இரண்டு முறை குதிக்கலாம்.

சிரமம் எதிரிகளால் அல்ல, ஜம்ப்பால். பின்னணி ஓவியம் அத்தனை செழிப்பாக இருப்பதால் எது நிற்கக்கூடிய பலகை, எது வெறும் சித்திரம் என்று சட்டென்று பிடிபடாது. இதை நான் ஆட்டத்தின் குறையாகவே சொல்வேன். சந்தேகம் வந்தால் நேராக மேலே ஒரு ஜம்ப் செய்து பாருங்கள், கால் ஊன்றுகிறதா என்று தெரிந்துவிடும்.

படி 5: அதற்குப் பிறகு

பாலைவனம், கூரைகள், சிறை எல்லாம் இதே கைப்பழக்கத்தில் ஓடிவிடும். மாயக் குகையிலிருந்து தப்பும் லெவலும் கம்பளத்தில் பறக்கும் லெவலும் மட்டும் வேறு ரகம். அங்கே யோசிக்க நேரமே கிடைக்காது, பாறைகள் வரும் வரிசையை மனப்பாடம் செய்துதான் தாண்ட முடியும். ரீவைண்டை அங்கே தாராளமாகப் பயன்படுத்துங்கள். கடைசி லெவல் வில்லன் ஜாஃபரின் அரண்மனை. ஜாஃபரிடம் வாளோடு நெருங்கிப் போவது வீண், ஆப்பிள்தான் வேலைக்கு ஆகும். அரண்மனைக்குள் நுழைந்ததிலிருந்தே சில்லறை எதிரிகளை வாளால் முடித்து, ஆப்பிளைச் சேர்த்து வையுங்கள்.