மருத்துவப் படமெடுப்புத் துறையினர் மேற்படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. அறைகளில் சில ஆண்டுகள் பணிபுரிந்த டெக்னாலஜிஸ்ட் ஒருவர் மேற்படிப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும், முதலில் பல்கலைக்கழகங்களின் பட்டியலைத்தான் தேடுவார். அதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, படிப்பு முடிந்தபின் தினமும் என்ன வேலை செய்ய விரும்புகிறோம் என்பதை எழுதிப் பார்ப்பது நல்லது. கருவியின் முன்னேயே தொடர விரும்புபவர், படத்தைப் பார்த்து அறிக்கை எழுத விரும்புபவர், கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்க விரும்புபவர், கற்பிக்க விரும்புபவர் என ஒவ்வொருவருக்கும் உரிய படிப்பு வேறு.

முழு முதுநிலைப் பட்டம்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரிட்டனில் முதுநிலைச் சான்றிதழுக்கு 60 கிரெடிட், பட்டயத்துக்கு 120, பட்டத்துக்கு 180 என்று படிப்படியாக அமைத்திருக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 10 மணி நேர உழைப்பு. ஆகவே பட்டம் முடிக்க 1,800 மணி நேரம் ஆகும். முழுநேர வேலையில் இருந்துகொண்டே இதைப் படிக்க நினைப்பவர், இரவுப் பணி அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. படிப்பைத் தேர்ந்தெடுப்பவர் பாடத்திட்டத்தில் இயற்பியல் எந்த அளவுக்கு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். படமெடுக்கும் பரப்பு உடலைவிடச் சிறியதாக இருந்தால், வெளியே விடுபட்ட கை படத்தின் எதிர்ப்பக்கத்தில் மடிந்து விழும். எந்தப் பொத்தானை அழுத்தினால் அது மறையும் என்பது அனுபவசாலிக்குத் தெரியும். அது ஏன் ஃபேஸ் என்கோடிங் (சிக்னலின் கட்ட வேறுபாட்டைக் கொண்டு இடத்தைக் குறிக்கும் முறை) திசையில் அவ்வளவு எளிதாக நேர்கிறது என்பதைப் படித்தவரே விளக்க முடியும். பாதுகாப்பிலும் இதே கதைதான். காந்தப்புல வலிமை 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லாவுக்குப் போகும்போது, மற்றவை மாறாதிருந்தால், உடலில் சேரும் ரேடியோ அலை ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது, 1.5-இல் அனுமதிக்கப்பட்ட உள்வைப்புச் சாதனம் 3-இலும் பாதுகாப்பானது என்று கொள்ளக் கூடாது. இத்தகைய கேள்விகளை ஒரே விரிவுரையில் கடந்துவிடும் படிப்புக்குப் பணம் கட்டுவது வீண் என்பது என் கருத்து.

அல்ட்ராசவுண்டில் நிலைமை வேறு. பிரிட்டனில் சோனோகிராபர்கள் (அல்ட்ராசவுண்ட் படமெடுப்பவர்கள்) தாங்களே அறிக்கை எழுதுகிறார்கள். வேறு சில நாடுகளில் அந்த உரிமை மருத்துவர்களுக்கு மட்டுமே உண்டு. எனவே, வேலை செய்யப்போகும் நாட்டின் சட்டத்தைப் படித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். இங்கே கைப்பழக்கம்தான் எல்லாம் என்பதால், மேற்பார்வையாளர் ஒருவர் அருகில் நின்று ப்ரோபின் (உடல்மீது வைத்து நகர்த்தும் கருவியின்) கோணத்தைத் திருத்தாத, இணையவழியில் மட்டுமே நடக்கும் படிப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்கத்தக்கது.

கதிரியக்க மருந்தை உடலில் செலுத்திப் படமெடுக்கும் அணு மருத்துவமும் அதன் ஒரு வகையான பெட்-சி.டி.யும் நேரத்தோடு ஓடும் துறைகள். அங்கே பயன்படும் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சுமார் 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், மருந்து தயாரிப்பும் அளவுக் கணக்கும் பாடத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும். மருத்துவ இயற்பியலுக்குப் பெரும்பாலும் இயற்பியல் பட்டம் கேட்பார்கள். ரேடியோகிராபிப் பட்டத்தோடு அங்கே முயல்பவர் தகுதி விதியை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். கணினியில் நாட்டமுள்ளவர்கள் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்புத் தரநிலை), பேக்ஸ் (அவற்றைச் சேமித்துப் பகிரும் அமைப்பு) முறைகளைக் கற்பிக்கும் தகவலியல் படிப்புகளையும் பரிசீலிக்கலாம்.

ஆய்வேட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நோயாளிகளைப் புதிதாகச் சேர்க்கும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைப்பதற்குள் பல மாதங்கள் ஓடிவிடலாம். ஃபான்டம் (உடலுக்குப் பதிலாகப் படமெடுக்கும் மாதிரிப் பொருள்) வைத்துச் செய்யும் ஆய்வோ, ஏற்கெனவே பதிவான சி.டி. கதிர்வீச்சு டோஸ் அளவுகளை அலசும் ஆய்வோ குறித்த காலத்தில் முடிய வாய்ப்பு அதிகம்.

விண்ணப்பத்தோடு துறைத் தலைவரிடம் ஓர் எழுத்துபூர்வ ஒப்புதலும் வாங்கிவிட வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சிக்கு விடுவிப்பார்கள், மேற்பார்வையாளர் யார், அவர் விடுப்பில் சென்றால் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்திடுபவர் யார் என்பன அதில் இருக்க வேண்டும்.