ஷாம்பெர்த்தான் வாங்கும்போது லேபிளைக் கவனியுங்கள்
பிரான்சின் பர்கண்டி ரெட் ஒயின் வாங்கும்போது லேபிளை நிதானமாகப் படியுங்கள். 'ஷெவ்ரே-ஷாம்பெர்த்தான்' என்றிருந்தால் அது ஊர்ப் பெயர். வெறும் 'ஷாம்பெர்த்தான்' என்றிருந்தால்தான் திஜோன் நகருக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் சரிவில் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற கிராண்ட் க்ரூ (பர்கண்டியின் மிக உயர்ந்த தரநிலை) தோட்டம். அதன் பெயரை ஊர் தன்னோடு சேர்த்துக்கொண்டது 1847இல். விலை வித்தியாசம் பல மடங்கு.

இரண்டுமே பினோ நுவார் திராட்சை. நிறம் வெளிறியிருந்தால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தத் திராட்சையின் தோல் மெல்லியது, கிளாஸைச் சாய்த்தால் அடியில் வைத்த விரல்கூடத் தெரியும். வாசனையில்தான் விஷயமே இருக்கிறது: செர்ரி, ராஸ்பெரி, நாள்பட்ட பாட்டிலில் மழையில் நனைந்த காட்டு மண். பரிமாறும்போது 16 டிகிரி செல்சியஸ் போதும், வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வையுங்கள். அப்புறம், வயிறு அகன்ற கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள்.