கல்யாணமான கையோடு கடல் கடந்த ஊழியமா? கிளம்பும் முன் செய்ய வேண்டியது

வாக்குத்தத்த அட்டையை முதலில் மூடி வையுங்கள். புது வருட ஆராதனையில் கிடைத்த அந்த வசன அட்டையில் "ஜாதிகள்" (வேதத்தில் பிற நாட்டு மக்கள் என்று அர்த்தம்) என்று ஒரு வார்த்தை, அடுத்த வாரம் கன்வென்ஷனில் பிரசங்கியார் வாயில் கம்போடியா, அதற்கடுத்த நாள் பேப்பரில் அங்கோர்வாட் படம் என்று கோத்துக்கொண்டே போனால் உலகத்தில் எந்த நாட்டுக்கும் ஓர் அழைப்பு தயாராகிவிடும். கிண்டல் செய்யவில்லை, நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். காரைக்குடியிலிருந்து கிளம்பி, கம்போடியாவில் ஒரு சின்ன ஊரில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்திருக்கிறோம். இப்போது அடிக்கடி யாராவது ஒரு புது ஜோடி வீட்டுக்கு வந்து "அக்கா, நாங்க எங்கேருந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்கிறார்கள், நானும் டீ போட்டுக்கொடுத்து அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அழைப்பு இரண்டு பேருக்கும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் அவர் "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று சொன்னால் மனைவி "சரிங்க" என்று சொல்லிவிடுவாள், அதை எல்லாரும் ஒருமனம் என்று எழுதிக்கொள்வார்கள். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஊழியத்துக்கு வந்த வில்லியம் கேரியின் மனைவி டாரதி முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். 1793இல் கடைசி நேரத்தில், தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று, பிறந்து சில வாரமே ஆன கைக்குழந்தையோடு கப்பலேறினார். அடுத்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுப்போக்கில் இறந்துபோனான். அதற்குப் பிறகு டாரதிக்கு மனம் பிசகிவிட்டது, 1807இல் சாகும்வரை தேறவில்லை. கேரியைப் பற்றிப் பிரசங்கம் நிறையக் கேட்டிருக்கிறேன், டாரதியைப் பற்றி ஒருவரும் பிரசங்கித்துக் கேட்டதில்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் தனித்தனியாக ஜெபித்து, தோன்றியதை, படித்த வசனத்தை, பயத்தை, எரிச்சலை எல்லாம் எழுதுங்கள். ஒருவருடையதை மற்றவர் பார்க்கக்கூடாது. மூன்று மாதம் முடிந்ததும் மாற்றிப் படியுங்கள். இவர் நோட்டில் இரண்டாம் பக்கத்திலேயே கம்போடியா வந்துவிட்டது. என்னுடையதில் பாதிக்கு மேல் அம்மாவின் கண் ஆபரேஷன், குழந்தை இல்லாத கவலை, அப்புறம் ஓரிடத்தில் பேனா அழுத்தி "எனக்குப் பயமாக இருக்கிறது, இவருக்குப் புரியவில்லை" என்று இருந்தது. இவர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் இன்னொரு வருடம் பொறுத்தோம். அந்த வருடத்தின் கடைசியில் போகலாம் என்று சொன்னது நான்.

தேவசித்தத்தைக் கண்டுபிடிக்க கிதியோனின் ஆட்டுத்தோல் வேலையெல்லாம் வேண்டாம். நாளைக்குள் போன் வந்தால் போவது, வராவிட்டால் இல்லை என்று வைத்துக்கொள்வது சீட்டுக் குலுக்குவதற்குச் சமம். அப்போஸ்தலர் 13ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். பர்னபாவும் சவுலும் அந்தியோகியாச் சபையில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர்கள். பரிசுத்த ஆவியானவர் அவர்களைத் தமக்கென்று கேட்டது அந்தச் சபை உபவாசித்து ஆராதித்துக்கொண்டிருந்தபோது, கை வைத்து அனுப்பியதும் அதே சபைதான். 16ஆம் அதிகாரத்தில் பவுலுக்கே ஆசியாவும் பித்தினியாவும் அடைபட்டு, அதற்குப் பிறகுதான் மக்கெதோனியா தரிசனம் வருகிறது. கதவு மூடினால் சாத்தான் தடுக்கிறான் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சபையிடம் போங்கள். சி.எஸ்.ஐ. என்றால் போதகர் ஐயரிடம், கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்குத்தந்தையிடம், பெந்தெகொஸ்தே என்றால் பாஸ்டரிடம். அவரோடு சேர்த்து இன்னும் இரண்டு பேரிடமும் கேளுங்கள், அதில் ஒருவர் உங்களை அவ்வளவாகப் பிடிக்காதவராக இருக்கட்டும். "இவன் இங்க ஒரு ஓய்வுநாள் பள்ளியையே ஒழுங்கா நடத்தல, அங்க போய் என்ன பண்ணப்போறான்?" என்று இவரைப் பற்றி ஒரு மூப்பர் சொன்னார். கோபம் வந்தது, ஆனால் சொன்னது உண்மை.

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த நகரத்தார் யாரையும் எடுத்த எடுப்பில் பொறுப்பாளாக்கி அனுப்பியதில்லை. முதலில் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், கணக்கும் குணமும் தெரிந்த பிறகுதான் மேலாள். போனால் மூன்று வருடக் கணக்கு, அதை முடித்து ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்து தங்குவார்கள். லேவாதேவிக்கே இவ்வளவு பார்த்தார்கள் என்றால் ஆத்தும காரியத்துக்குப் பார்க்க வேண்டாமா? (அந்த ஆச்சிமார் பெரும்பாலும் இங்கே பெரிய வீட்டில் தனியாகப் பிள்ளை வளர்த்தார்கள், அது வேறு கதை.) நீங்களும் முதலில் ஒரு ஆறு மாதமாவது தமிழ் பேசாத ஒரு மாநிலத்தில், ஏற்கெனவே ஊழியம் செய்கிற ஒரு குடும்பத்துக்குக் கீழே போய் இருங்கள். ஒடிசாவோ ஜார்க்கண்டோ. தண்ணீர் பிடிக்கத் தெரியாத ஊரில், மொழி தெரியாமல், ஒரே அறையில் சண்டை போட்டுச் சமாதானமாக உங்களுக்கு வருகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பெற்றோர். இதைத் தள்ளிப்போடாதீர்கள். டிக்கெட் போட்ட பிறகு சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது துரோகம். நாங்கள் சொல்லப்போனபோது அத்தை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இவர் சொல்லி முடிக்கும்வரை திரும்பவே இல்லை, மிளகாயை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எனக்கு ஒண்ணுன்னா யாருப்பா வருவா?" என்றார். அந்தக் கேள்விக்கு வசனத்தால் பதில் சொல்லக்கூடாது. ஏற்பாட்டால் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு யார் அழைத்துப் போவது, மருந்துச் செலவு யாருடையது, கொழுந்தனாரும் நாத்தனாரும் எதற்கு ஒப்புக்கொள்கிறார்கள் என்று எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். ஒரு சாவு விழுந்தால் அடக்க ஆராதனைக்கு வருவீர்களா, எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். இரண்டு பேருக்கான அவசர டிக்கெட் பணத்தைத் தனிக்கணக்கில் போட்டு, ஊழியத்துக்குக்கூட அதைத் தொடாமல் வையுங்கள்.

பணம். மாதம் 500 ரூபாய் தருகிற 60 பேர், ஒரே ஒரு முப்பதாயிரம் ரூபாய்ப் பணக்காரரைவிட நல்லது, ஏனென்றால் பணக்காரருக்குக் கோபம் வந்தால் உங்களுக்குச் சாப்பாடு இல்லை. ஆனால் அதை அனுப்புகிற வழியை ஆடிட்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், முன் அனுமதி இல்லாமல் அதற்கு வரிவிலக்குக் கிடைக்காது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற மாமா சித்தப்பாக்கள் சபைக் கணக்கில் போட்டுவிடுகிறோம் என்பார்கள். எப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது. நீங்கள் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்று ஆனதும் இங்கேயிருக்கிற சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பேப்பர் வேலைக்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். நம்மூர் ஆட்களுக்கு வருகிற முதல் தலைவலி இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று வெளிநாட்டு அதிகாரிக்குப் புரியாது, முதலில் எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். சபைப் பதிவேட்டின் நகலோடு நிறுத்தாமல், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். நமக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் மதுரை, போலீஸ் தடையின்மைச் சான்றிதழுக்கும் அந்த வழியாகத்தான் விண்ணப்பம். படிப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஹேக் ஒப்பந்த நாடுகள் ஏற்கிற சான்று) வாங்க வேண்டிவரும், போகிற நாடு அந்த ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அதன் தூதரகத்தில் தனியாக. இன்னொன்று, ஒரிஜினலை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். எங்களை அனுப்புவதாகச் சொன்ன ஓர் அமைப்பு சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, நாங்கள் வேறு இடம் பார்க்கிறோம் என்றதும் திருப்பித்தர நான்கு மாதம் இழுத்தடித்தது. ஊழியக்காரர்தானே என்று ரசீதுகூட வாங்கியிருக்கவில்லை.

விசாவில் பொய் வேண்டாம். டூரிஸ்ட் விசாவில் போய் ஊழியம் செய்து மாட்டினால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், உங்களோடு பழகிய உள்ளூர் விசுவாசிகள்தான் அங்கே பதில் சொல்ல வேண்டும். சில நாடுகள் மத ஊழியருக்கென்றே விசா கொடுக்கின்றன. இல்லாத இடத்துக்கு ஆசிரியராக, நர்ஸாக, இஞ்சினியராக நிஜமான வேலைக்குப் போங்கள், அந்த வேலையை நிஜமாகவே செய்யுங்கள். பவுலோடு கூடாரம் தைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் புருஷன் பெண்சாதிதான். இவர் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார், ஒர்க் பெர்மிட்டோடு. சட்டத்தையும் படித்துக்கொள்ளுங்கள். நேபாளத்தில் ஒருவரை மதம் மாற்றுவது குற்றம். மலேசியாவில் முஸ்லிம்களிடையே மற்ற மதத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த அரசியல் சாசனமே இடம் கொடுக்கிறது. தெரிந்து போகிறவர் வேறு, தெரியாமல் போய் முழிக்கிறவர் வேறு.

ஆப்பிரிக்கா பக்கம் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பல் டாக்டரிடம் போய்விட்டு வாருங்கள், சிரிக்காதீர்கள், முதல் வருடம் எனக்கு வந்த பெரிய சோதனை கடைவாய்ப் பல்தான்.

மொழிக்கு ஒரு வருடம், வேறு வேலை இல்லாமல். கெமர் எழுத்து நம் பல்லவர் எழுத்திலிருந்து வந்தது, அதனால் எளிது என்று இவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார், முதல் மாதத்தோடு நிறுத்திவிட்டார். எனக்குக் கைகொடுத்தது சந்தை. காய்க்காரப் பாட்டி தினமும் "ஞாம் பாய் ஹாவி நௌ?" என்பார். சோறு தின்றாச்சா என்று அர்த்தம். நம்மூர் ஆச்சி கேட்கிற அதே கேள்வி. அவர் கூடையிலேயே ஒருநாள் கறுப்பு ஒட்டரிசியைப் பார்த்தேன், நம் கவுனி அரிசி! அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், பாட்டி பயந்துபோய் காசு வாங்காமல் கால் கிலோ அள்ளிப் போட்டார். ஆகவே அரிசி பருப்பைச் சுமக்க வேண்டாம். கல்பாசியும் மராட்டி மொக்கும் மட்டும் எடுத்துப்போங்கள், அவை நாங்கள் இருந்த கம்போடிய ஊரில் கிடைக்கவில்லை.

போவதற்கு முன் ஒருநாள் ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்குப் போய்விட்டு வாருங்கள், எந்தச் சபையாக இருந்தாலும். லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்த அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற கத்தோலிக்கக் குரு) கறியையும் மீனையும் விட்டு, காவி கட்டி, தமிழ் பேசி, 1693 பிப்ரவரி 4 அன்று அந்த மண்ணில் வெட்டுப்பட்டார். வந்தவர் நம் சாப்பாட்டையும் உடையையும் எடுத்துக்கொண்டது நமக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், நீங்கள் அங்கே எப்படி இருக்க வேண்டும் என்று பாதி விளங்கும்.

ஜெபக் கடிதம் மாதம் ஒன்று போதும். ஞானஸ்நானக் கணக்கு கேட்கிறவர்களுக்கு, அமெரிக்காவிலிருந்து பர்மாவுக்கு ஊழியத்துக்குப் போன ஜட்சன் தம்பதியைச் சொல்லுங்கள். 1812 பிப்ரவரியில் கல்யாணம், இரண்டே வாரத்தில் கப்பல், 1813இல் ரங்கூன். முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819இல். ஆறு வருடம்! நடுவில் அவர்கள் என்ன கடிதம் எழுதியிருப்பார்கள்?

கடைசியாக விடுமுறை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வந்ததும் முதல் இரண்டு வாரம் எந்தச் சபைக்கும் தேதி கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம். மூன்றாம் நாளே திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு சபையில் போட்டோ காட்டிக்கொண்டிருந்தோம். இரவு பதினொன்றரைக்கு வீடு திரும்பினால் அடுப்பங்கரையில் தூக்குச்சட்டி மூடியிருந்தது, உள்ளே கவுனி அரிசி, தேங்காய்ப்பூ காய்ந்துபோய். அத்தை தூங்கவில்லை, தூங்குவது மாதிரி படுத்திருந்தார். அந்த இரண்டு வாரத்தைக் காலண்டரில் குறுக்கே அடித்துவிட்டு, அனுப்புகிற சபையின் செயலாளருக்குக் கிளம்பும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.